ஒன்றுமில்லை என்று சொல்லப்படும் நிலம்



நம்முடைய சபையில் அநேக குடும்பங்களின் பிள்ளைகள் அமெரிக்காவில் வேலைசெய்கிறார்கள். பேரப்பிள்ளைகளைப் பார்க்கவும், மகளின் பிரசவத்துக்குத் துணையிருக்கவும் பெற்றோர் மூன்று மாதமோ ஆறு மாதமோ அங்கே சென்று தங்கிவருகிறார்கள். அங்கே எதைப் பார்த்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பட்டியல்தான் கிடைக்கிறது: நயாகரா நீர்வீழ்ச்சி, நியூயார்க்கின் சுதந்திர தேவி சிலை, வாஷிங்டன், முடிந்தால் கிராண்ட் கேன்யன். இவற்றில் குறைசொல்ல ஏதுமில்லை. ஆயினும் இவ்வாரச் சிந்தனையில், அந்தப் பட்டியலோடு இன்னும் ஒரு நாளைச் சேர்த்துக்கொள்ளும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். பிரெய்ரி என்னும் புல்வெளிக்கு, பறவைகளைப் பார்ப்பதற்காக, ஒரு வழிகாட்டியோடும் குழுவோடும் செல்லும் ஒரு நாள் பயணம் அது. தனியே காரில் போய்த் திரும்புவதை நான் சொல்லவில்லை. வழிகாட்டியோடு செல்ல வேண்டும் என்பதே என் கருத்தின் மையம். அதற்கான காரணங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

பிரெய்ரி என்பது வட அமெரிக்காவின் நடுப்பகுதி. கனடாவின் சஸ்காட்செவன், ஆல்பர்ட்டா மாகாணங்களில் தொடங்கித் தெற்கே டெக்சாஸ் வரை பரந்துகிடந்த புல் நிலம் அது. ராக்கி மலைத்தொடர் மேற்கிலிருந்து வரும் மழைமேகங்களைத் தடுத்துவிடுவதால், மலைக்கு அருகேயுள்ள மேற்குப் பகுதியில் மழை குறைவு. புல்லும் கணுக்கால் உயரம்தான். கிழக்கே செல்லச் செல்ல மழை கூடி, புல்லும் ஆள் உயரம் வளரும். அந்த உயர்புல் பிரெய்ரியில் இன்று 4 விழுக்காட்டுக்கும் குறைவாகவே எஞ்சியிருக்கிறது. மற்றதெல்லாம் மக்காச்சோளமும் சோயாவும் விளையும் வயல்களாகிவிட்டது. குறும்புல் பிரெய்ரி சற்று அதிகமாகத் தப்பியிருக்கிறது. கொலராடோ மாநிலத்தில் டென்வர் நகரிலிருந்து வடகிழக்கே ஏறக்குறைய இரண்டு மணி நேரம் காரில் சென்றால் வரும் பானீ தேசியப் புல்வெளி அத்தகையது. அதன் பரப்பு ஏறக்குறைய 1,93,000 ஏக்கர்.

டென்வரைச் சுற்றிலும் நம் தமிழ்ப் பிள்ளைகள் பலர் வாழ்கிறார்கள். அவர்களிடம் கேட்டுப்பாருங்கள். வார இறுதியில் எல்லாரும் மேற்கே, மலைகளை நோக்கிப் போவார்கள். கிழக்கே என்ன இருக்கிறது என்று கேட்டால், "அங்கே ஒன்றுமில்லை" என்பார்கள். நெடுஞ்சாலையில் மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் அந்த நிலத்தைக் கடந்தவர்கள் சொல்லும் சொல் அது. மரமில்லை, ஆறில்லை, குன்றில்லை. வேலிக் கம்பமும் காற்றும் வானமும் மட்டுமே.

"ஒன்றுமில்லை" என்பது தீங்கற்ற சொல்லாகத் தோன்றலாம். ஆனால் அந்நிலத்தின் வரலாறு வேறு விதமாகச் சாட்சி சொல்லுகிறது. கோடிக்கணக்கான காட்டெருமைகள் மேய்ந்த இடம் அது. 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் அவற்றில் சில நூறே எஞ்சும்படி கொன்று தீர்த்தார்கள். அங்கே வாழ்ந்த பூர்வகுடிகளை அகற்றினார்கள். பானீ என்ற பெயரே அப்படி அகற்றப்பட்ட ஒரு மக்களினத்தின் பெயர். பின்பு ஒன்றுமில்லாத நிலத்தைப் பயனுள்ளதாக்குகிறோம் என்று புல்லை வேரோடு உழுதார்கள். 1930களில் மழை பொய்த்தபோது, மண்ணைப் பிடித்துவைக்க வேர் இல்லாமல் போயிற்று. நிலமே தூசியாக எழும்பிப் பறந்தது, வீடுகள் மூடுண்டன, குடும்பங்கள் ஊரை விட்டுப் போயின. கைவிடப்பட்ட பண்ணைகளை அரசு விலைகொடுத்து வாங்கி, மறுபடியும் புல் வளரவிட்டது. 1960இல் அந்நிலங்களில் பல தேசியப் புல்வெளிகள் என்று பெயரிடப்பட்டன. பானீ அவற்றுள் ஒன்று. ஒன்றுமில்லை என்று மனிதர் முடிவுசெய்த இடத்தில் எவ்வளவு இருந்தது என்பது, அதை இழந்த பின்புதான் தெரியவந்தது.

பறவைகளின் காரியத்திலும் இதுவே நடந்துகொண்டிருக்கிறது. 2019ஆம் ஆண்டு சயன்ஸ் என்னும் ஆய்விதழில் ஒரு கணக்கு வெளியாயிற்று. 1970 முதல் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஏறக்குறைய 300 கோடிப் பறவைகள் குறைந்துபோயின என்பது அதன் முடிவு. எல்லா வாழிடங்களையும்விட அதிகமாக இழந்தது புல்வெளிதான். அங்குள்ள பறவைகளில் பாதிக்கும் மேல், அதாவது 53 விழுக்காடு இல்லாமற்போயின. எண்ணிக்கையில் 70 கோடிக்கு மேல். காடு அழிந்தால் நாம் கவனிக்கிறோம். மரம் விழும் சத்தம் கேட்கிறது. புல்வெளி அழியும்போது சத்தமில்லை. ஏற்கெனவே ஒன்றுமில்லை என்று நினைத்திருந்த இடத்தில், இருந்த ஒன்று போய்விட்டதை யார் அறிவார்?

இப்பொழுது வழிகாட்டியைப் பற்றிச் சொல்லுகிறேன். சென்ற ஆண்டு மே மாதத்தில் என் மனைவியும் நானும் கொலராடோவில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, அத்தகைய ஒரு நாள் பயணத்தில் சேர்ந்தோம். எட்டுப் பேர் கொண்ட குழு. வழிகாட்டி, பள்ளியில் அறிவியல் கற்பித்து ஓய்வுபெற்ற ஓர் அம்மையார். சூரியன் உதிக்குமுன்னே வீட்டை விட்டுக் கிளம்பி, பிரிக்ஸ்டேல் என்னும் சிற்றூருக்கு அருகேயுள்ள குரோ வேலி என்ற தோப்பில் எல்லாரும் கூடினோம். சுற்றிலும் மைல்கணக்கில் மரமற்ற வெளி. அதன் நடுவே இந்த ஒரு தோப்பு. இரவெல்லாம் வடக்கு நோக்கிப் பறந்துவரும் சிறு பறவைகள் விடியும்போது இளைப்பாற இறங்குவதற்கு அங்கே வேறு இடம் கிடையாது. வழிப்போக்கருக்குச் சத்திரம் போல அது இருந்தது. முந்திய இரவில் வீசிய காற்றின் திசையைக் கேட்டே, காலையில் தோப்பில் எத்தனை பறவைகள் இருக்கும் என்று அந்த அம்மையார் ஓரளவு சொல்லிவிட்டார்.

பின்பு மண்சாலைகளில் வண்டிகள் மெதுவாகச் சென்றன. வேலிக் கம்பத்தின் மேல் மஞ்சள் மார்பும் அதில் கறுப்பு அடையாளமுமாக ஒரு பறவை நின்று, குழலூதுவது போலப் பாடியது. மேற்கத்திய மெடோலார்க் என்பது அதன் பெயர். அமெரிக்காவில் ஆறு மாநிலங்கள் அதையே தங்கள் மாநிலப் பறவையாகத் தெரிந்துகொண்டிருக்கின்றன. கொலராடோவின் மாநிலப் பறவையோ லார்க் பன்டிங். குளிர்காலத்தில் அதன் ஆண், பெட்டையைப் போலவே பழுப்பு நிறத்தில் இருக்கும். வசந்தம் வந்ததும் உடல் முழுவதும் கறுத்து, சிறகில் வெள்ளைப் பட்டை துலங்கும். உட்கார்ந்து பாடக் கிளையில்லாத நாட்டில், அது வானில் எழும்பிப் பறந்துகொண்டே பாடுகிறது. புல்வெளிப் பறவைகள் பலவும் இப்படியே செய்கின்றன. மேடை கொடுக்கப்படாதவை ஆகாயத்தையே மேடையாக்கிக்கொண்டன.

அதன்பின் அவர் வண்டிகளை நிறுத்தச் சொன்ன இடத்தில் எதுவுமே இல்லை. புல்லும் ஏறக்குறைய இல்லை. வெறும் மண், காய்ந்த சாணி, சிறு கற்கள். முக்காலியின் மேல் தொலைநோக்கியைப் பொருத்தி, ஒருவர்பின் ஒருவராக வந்து பார்க்கச் சொன்னார். என் முறை வந்தபோது மண் மட்டும் தெரிந்தது. "சாணிக்கு இடப்பக்கம், கைப்பிடியளவு தள்ளிப் பாருங்கள், அது அசையும் வரைக்கும் காத்திருங்கள்" என்றார். காத்திருந்தேன். மண்ணில் ஒரு துண்டு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது.

அதன் பெயர் மலை உப்புக்கொத்தி. மலைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பெயர் வைத்தவர்கள் அப்படி வைத்துவிட்டார்கள். அது வாழ்வதோ இந்தத் தட்டையான வெளியில், அதிலும் புல் ஒட்ட மேயப்பட்ட இடத்தில். முன்னே காட்டெருமைகள் மேய்ந்து அப்படிப்பட்ட இடங்களை உண்டாக்கின. இப்போது மாடுகள் மேயும் இடங்களை அது நாடுகிறது. ஆபத்தென்று கண்டால், எதிரிக்கு முதுகைக் காட்டிப் பதுங்கிக்கொள்ளும். மண்ணின் நிறமுள்ள அந்த முதுகு மண்ணோடு மண்ணாகிவிடும். ஆகையால் அங்குள்ளோர் அதைப் புல்வெளியின் ஆவி என்றும் அழைப்பதுண்டு. தரையில் ஒரு சிறு குழி. அதில் பெரும்பாலும் மூன்று முட்டைகள். அதுவே அதன் கூடு. பெட்டை முதல் குழியில் முட்டையிட்டதும் அதைச் சேவலிடம் ஒப்புவித்துவிட்டு, இரண்டாம் குழியில் முட்டையிட்டுத் தானே அடைகாக்கும். ஆலங்கட்டி மழையும் நரியும் உள்ள நாட்டில், ஒரு கூடு அழிந்தாலும் மற்றொன்று பிழைக்கக்கூடும்.

அவ்விடத்திலிருந்து சற்றுத் தூரத்தில் பிரெய்ரி நாய்களின் குடியிருப்பு ஒன்று இருந்தது. நாய் என்று பெயர்பெற்றாலும் அது தரையில் வளை தோண்டி வாழும் ஒருவகை அணில். அது விட்டுப்போன வளைகளில் ஒரு சிறிய ஆந்தை குடியிருக்கிறது. நீண்ட கால்களை ஊன்றி, பட்டப்பகலில் வளைவாசலில் காவற்காரனைப் போல நிற்கிறது. அந்த வளை ஆந்தை, விலங்குகளின் சாணத்தைக் கொண்டுவந்து வாசலில் பரப்பிவைக்கும். சாணத்தை நாடி வரும் வண்டுகள் அதற்கு உணவாகும். பகைவர் நெருங்கினால் வளைக்குள்ளிருக்கும் குஞ்சுகள் கிலுகிலுப்பைப் பாம்பைப் போல ஓசையெழுப்பி விரட்டும். நம் ஊரில் பழைய வீடுகளிலும் மரப்பொந்துகளிலும் வாழும் புள்ளி ஆந்தைக்கு அது நெருங்கிய உறவு. அறிவியல் இரண்டையும் ஒரே பேரினத்தில் வைத்திருக்கிறது. அதைக் கேட்டதும் என் மனைவிக்கு அந்த அந்நிய நிலம் சற்றே அந்நியமற்றதாயிற்று.

அன்புக்குரியவர்களே, நாங்கள் தனியே போயிருந்தால் இவற்றில் எத்தனை எங்கள் கண்ணுக்குக் கிட்டியிருக்கும்? வேலிமேல் பாடிய பறவையைக் கண்டிருப்போம். உப்புக்கொத்தி எங்களுக்கு முன்பாகவே இருந்திருக்கும். நாங்களோ ஒன்றுமில்லை என்று சொல்லி வண்டியைத் திருப்பியிருப்போம். கண் இருந்தும் காணாமற்போவது நம் எல்லாருக்கும் உள்ள இயல்பு. காணும்படி நமக்கு ஒருவர் காட்டித்தர வேண்டும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் நியாயங்களை நான் அறிவேன். முதலாவது, கைப்பேசியில் செயலிகள் இருக்கையில் வழிகாட்டி எதற்கு என்று இளைஞர் கேட்கிறார்கள். கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலி, பாடும் பறவையின் பெயரை உடனே சொல்லிவிடுகிறது. நல்ல கருவிதான், நானும் பயன்படுத்துகிறேன். ஆயினும் அது சத்தமிடுகிறதைத்தான் சொல்லும். மௌனமாய்ப் பதுங்கியிருப்பதைக் காட்டாது. மேலும் பானீ புல்வெளியில் அரசு நிலமும் தனியார் நிலமும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. எந்த வேலியைக் கடக்கலாம், எதைக் கடக்கலாகாது, மழை பெய்தால் எந்த மண்சாலை சேறாகும், கூடு இருக்கும் இடத்தை விட்டு எப்போது விலக வேண்டும் என்பவற்றை அந்நிலத்தோடு பல ஆண்டு பழகினவர்களே அறிவார்கள்.

இரண்டாவது, கூட்டமாய்ப் போய்ப் பறவைகளைத் தொந்தரவு செய்யலாமா என்று சிலர் கேட்கிறார்கள். இது மனச்சாட்சியுள்ள கேள்வி. தரையில் கூடு கட்டும் பறவைகளின் நடுவே அறியாதவன் நடந்தால் முட்டைமேல் கால் வைத்துவிடக்கூடும். நல்ல வழிகாட்டி வண்டியையே மறைவிடமாக்கிக்கொள்ளுகிறார். நடந்துவரும் மனிதனுக்கு அஞ்சும் பறவை, நின்றிருக்கும் வண்டிக்கு அவ்வளவு அஞ்சுவதில்லை. பதிவுசெய்த பாட்டை ஒலிக்கச்செய்து பறவையை வெளியே இழுப்பதையும் அவர் தவிர்க்கிறார். கூடுகட்டும் காலமாகிய மார்ச் முதல் ஜூன் இறுதி வரை, பானீ பியூட்ஸ் என்னும் பாறைக் குன்றுகளின் அருகே கழுகுகளும் வல்லூறுகளும் கூடுகட்டும் சரிவுகளுக்குப் போகத் தடையுண்டு. எங்கள் வழிகாட்டி தூரத்திலிருந்தே அக்குன்றுகளைக் காட்டி, "அவை அங்கே இருக்கின்றன, நாம் இங்கே இருப்போம்" என்றார். பார்க்காமல் விடுவதும் அன்பின் ஒரு வகை என்பதை அங்கே கண்டேன்.

மூன்றாவது நியாயம் நம் நடுவிலிருந்தே வருகிறது. விசுவாசி ஒருவன் பணத்தையும் ஒரு நாளையும் செலவழித்துப் பட்சிகளைப் பார்த்துக்கொண்டிருப்பது தகுமா? இதை மரியாதையோடு மறுக்கிறேன். ஆகாயத்துப் பட்சிகளைப் பார்க்கும்படி நமக்குச் சொன்னவர் நம் ஆண்டவரே. மத்தேயு சுவிசேஷத்தில் அவ்விடத்தில் வரும் கிரேக்க வினைச்சொல், மேலோட்டமாகக் காண்பதைக் குறிப்பதன்று. உற்று நோக்குவதைக் குறிக்கிறது. கவலையைக் குறித்துப் பிரசங்கிக்கும்போது நாம் அந்தப் பகுதியை எத்தனையோ முறை வாசிக்கிறோம். ஆனால் அதில் அடங்கியுள்ள எளிய கட்டளையைச் செய்கிறவர்கள் சிலரே. ஜான் ஸ்டாட் என்னும் இறையியலாளர் அதைச் செய்தார். ஊழியத்துக்காக உலகமெங்கும் சென்றபோதெல்லாம் பைனாகுலரையும் கொண்டுசென்றார். பறவைகளைக் குறித்து அவர் எழுதிய நூல் 1999இல் வெளிவந்தது. அவருக்கு முன்னே, இங்கிலாந்தின் செல்போர்ன் என்னும் கிராமத்துக் குருவானவர் கில்பர்ட் ஒயிட், ஒரே இனம் என்று மற்றவர்கள் எண்ணியிருந்த சிறு பறவைகளை, பாட்டின் வேறுபாட்டைக் கேட்டு மூன்று இனங்கள் என்று பிரித்தறிந்தார். 1789இல் வெளியான அவருடைய நூல் இன்றும் வாசிக்கப்படுகிறது. கவனித்தல் அவர்களுக்கு ஊழியத்திலிருந்து எடுத்துக்கொண்ட விடுப்பாக இருக்கவில்லை.

வழிகாட்டியை நாடுவதும் வேதத்துக்குப் புதிதன்று. இரதத்தில் அமர்ந்து ஏசாயாவை வாசித்துக்கொண்டிருந்த எத்தியோப்பிய மந்திரியை நினைத்துக்கொள்ளுங்கள். அவன் கற்றவன், அதிகாரமுள்ளவன், ஏடு அவன் கையிலேயே இருந்தது. ஆயினும் தனக்கு ஒருவர் வழிகாட்டாமல் புரியாது என்று பிலிப்புவிடம் ஒப்புக்கொண்டான். நம்மில் ஐம்பது, அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு இது எளிதன்று. வீட்டிலும் அலுவலகத்திலும் சபையிலும் நாமே கற்பித்துப் பழகிவிட்டோம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, முன்பின் அறியாத ஒருவர் சுட்டும் இடத்தை மாணாக்கரைப் போல நோக்கி நிற்கும் ஒரு நாள், நம் வயதினருக்கு மிகவும் நல்லது.

பார்ப்பதோடு என்ன பயன் விளைந்துவிடும் என்றும் நீங்கள் கேட்கலாம். அன்று பிற்பகலில் வானில் வட்டமிட்ட ஸ்வைன்சன் பருந்தைக் காட்டி, வழிகாட்டி ஒரு வரலாற்றைச் சொன்னார். அப்பருந்து குளிர்காலத்தைத் தென் அமெரிக்காவில் அர்ஜென்டினாவின் புல்வெளிகளில் கழிக்கிறது. 1990களில் அதன் எண்ணிக்கை சில இடங்களில் ஏன் குறைகிறது என்று அறிய, ஆய்வாளர்கள் பருந்துகளின்மேல் செயற்கைக்கோள் கருவிகளைப் பொருத்திப் பின்தொடர்ந்தார்கள். அங்கே வயல்களில் பருந்துகள் குவியல் குவியலாக இறந்து கிடப்பதைக் கண்டார்கள். வெட்டுக்கிளிகளைக் கொல்ல அடித்த மோனோகுரோட்டோபாஸ் என்னும் மருந்துதான் காரணம். நம் ஊர் விவசாயிகளுக்கும் நன்றாய் அறிமுகமான பெயர் அது. 1995-96 பருவத்தில் மட்டும் ஏறக்குறைய 20,000 பருந்துகள் மடிந்திருக்கும் என்று மதிப்பிடப்பட்டது. செய்தி வெளியானபின் அப்பகுதிகளில் அந்த மருந்து விலக்கப்பட்டது; சாவு வெகுவாகக் குறைந்தது. யாரோ சிலர் எண்ணிப் பார்த்ததினால், குறைவதைக் கவனித்ததினால் அது நடந்தது. நெப்ராஸ்காவில் உழவர்கள் தங்கள் வயலில் உப்புக்கொத்தியின் கூடு எங்கே இருக்கிறதென்று அடையாளமிட அனுமதித்து, டிராக்டரை அதைச் சுற்றி ஓட்டுகிறார்கள். கூடு இருப்பது தெரிந்தவன் விலகி ஓட்டுகிறான். தெரியாதவன் நேரே ஓட்டிவிடுகிறான். அவனிடம் பகைமை இல்லை, அறியாமைதான் உண்டு.

நம் நாட்டுக்கும் இது பொருந்தும். நம்முடைய இயற்கைப் புல்வெளிகள் பல, அரசின் தரிசுநிலக் கணக்கில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. தரிசு என்பது ஒன்றுமில்லை என்பதன் மறுபெயர். அந்நிலங்களுக்குரிய கானமயில் இன்று நாடு முழுவதிலும் 200க்கும் குறைவாகவே உயிரோடிருக்கிறது. கொலராடோவில் ஒரு நாள் பார்வை தெளிந்தவர்கள், ஊர் திரும்பியபின் தரிசு என்ற சொல்லைச் சற்றே தயக்கத்தோடு உச்சரிப்பார்கள் என்று நம்புகிறேன்.

இன்னும் ஒரு காரியத்தை மறைக்காமல் சொல்ல விரும்புகிறேன். அங்கே தங்கிவந்த பெற்றோர் பலர் என்னிடம் மனந்திறந்து பேசியிருக்கிறார்கள். பிள்ளைகள் காலையில் வேலைக்குப் போய்விடுகிறார்கள். பேரப்பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். கார் ஓட்டத் தெரியாதவர்களுக்குத் தெருமுனைக் கடையும் தூரந்தான். ஜன்னலருகே உட்கார்ந்து, ஆளில்லாத தெருவைப் பார்த்து, "இங்கே ஒன்றுமில்லை" என்று அவர்களும் சொல்லுகிறார்கள். அச்சொல்லில் தனிமை இருக்கிறது. பறவை பார்க்கும் குழு அத்தகையவர்களுக்கு ஒரு வாசல். எங்கள் குழுவில் மூன்று பேர் எழுபது வயதைக் கடந்தவர்கள். ஆங்கிலம் சரளமாக வராவிட்டாலும், தொலைநோக்கியில் ஒன்றைக் கண்டு வியந்து பக்கத்தில் நிற்பவருக்கு இடம்விட்டு நகரும்போது பேச்சு தானாகப் பிறக்கிறது. ஒருமுறை பழகிய கண், மறுநாள் மகள் வீட்டு ஜன்னலிலும் வேலை செய்யும். வேலிமேல் வந்து அமரும் பறவைக்கு ஒரு பெயருண்டு என்று அறிந்தவருக்கு, அந்தத் தெரு முன்போல் ஆளில்லாத தெருவாக இராது.

போக விரும்புகிறவர்களுக்குச் சில நடைமுறை ஆலோசனைகள். ஏப்ரல் பிற்பகுதி முதல் ஜூன் வரை ஏற்ற காலம். விடியற்காலையில் தொடங்கும் பயணத்தையே தெரிந்துகொள்ளுங்கள். நண்பகலில் காற்று பலக்கும், பாட்டு அடங்கும். பிற்பகலில் இடியும் ஆலங்கட்டி மழையும் வரக்கூடும். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம் என்பதால் வெயில் சுடும், ஆனால் விடியலில் குளிரும். ஆகவே ஒன்றன்மேல் ஒன்றாக அணியத்தக்க உடையும், தொப்பியும், நிறையக் குடிநீரும் எடுத்துச் செல்லுங்கள். நிழல் கிடையாது, கழிப்பிடமும் அரிது, சர்க்கரை நோயுள்ளவர்கள் முன்கூட்டியே வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள். நடை குறைவு, பெரும்பாலும் வண்டியிலிருந்தே பார்க்கலாம் என்பதால் மூட்டுவலியுள்ளவர்களும் தயங்க வேண்டாம். பைனாகுலர் இல்லையென்றால் கேளுங்கள், சிலர் இரவல் தருவார்கள். கட்டணம் வாங்கும் வழிகாட்டிகளும் உண்டு. பறவை ஆர்வலர் சங்கங்கள் இலவசமாக நடத்தும் பயணங்களும் உண்டு. டென்வரில் அல்லாமல் டெக்சாஸிலோ கான்சாஸிலோ மினசோட்டாவிலோ பிள்ளைகள் இருந்தால், அங்கும் அருகில் எஞ்சிய பிரெய்ரி எங்காவது இருக்கும், விசாரித்துப் பாருங்கள்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு சொல். அப்பா அம்மாவை விமானத்தில் ஏற்றித் தூரத்து நகரங்களுக்கு அழைத்துச் செல்ல நாள் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அது வாய்க்கும்போது செய்யுங்கள். அதற்குமுன், உங்கள் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவிலுள்ள இந்த ஒரு நாளை அவர்களுக்குக் கொடுங்கள். அவர்களை இறக்கிவிட்டுப் போய்விடாமல், நீங்களும் கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டு அவர்களோடு வரிசையில் நின்று அதே தொலைநோக்கியில் பாருங்கள். மண்ணில் ஒரு துண்டு தலையைத் திருப்பும்வரை காத்திருங்கள்.

சிருஷ்டித்தவர் ஒன்றுமில்லாத இடம் என்று எதையும் படைக்கவில்லை. அவர் அறிந்து போஷிக்கிறவற்றை நாமும் ஒரு நாளாவது உற்று நோக்கக் கற்றுக்கொள்வோம். அவற்றில் எஞ்சியிருப்பவை நம் பேரப்பிள்ளைகளின் காலத்திலும் இருக்கும்படி நம்மால் இயன்றதைச் செய்வோம். நம் கண்களைத் திறக்கிற தேவன் உங்கள் பயணங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.